அமெரிக்க உதைபந்தாட்டத்தில் விரைவுத் தாக்குதல்: ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றி தோல்விகளையும் வீரர்தம் சாதனைகளையுமே பதிவு செய்வர். ஆட்டத்தின் காலம் எவ்வாறு பங்கிடப்பட்டது, அக்காலத்தின்மீது அதிகாரம் செலுத்தியவர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் 'நோ-ஹடில்' என வழங்கும் விரைவுத் தாக்குதல் முறையின் வளர்ச்சி, இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்றதொரு களமாகும்.

பெயரால் உதைபந்தாட்டமாயினும் இவ்வாட்டம் றக்பியின் வழிவந்ததாகும். அணிக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுள் 10 யார் தூரம் முன்னேறுதல் வேண்டும். தவறின் பந்து எதிரணிக்குச் செல்லும். றக்பியிற் போலன்றி, இங்கு ஒவ்வொரு முயற்சியின் பின்னரும் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்குகின்றது. அந்த இடைவேளையில் தாக்கும் அணியினர் வட்டமாகக் கூடி, அடுத்த நகர்வு யாதென அறிந்துகொள்வர். இக்கூடலே 'ஹடில்' எனப்படும். வொஷிங்ரன் நகரிலுள்ள கலோடெற் கல்லூரியில், செவிப்புலனற்ற மாணவர்களின் அணிக்குத் தலைமை தாங்கிய போல் ஹபாட் என்பவர், தமது சைகைமொழியை எதிரணியினர் கண்டறியாதவாறு 1890களில் இவ்வழக்கத்தைத் தொடக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. இரகசியம் பேணப் பிறந்த வழக்கம் காலப்போக்கில் ஆட்டத்தின் இயல்பான சடங்காக நிலைபெற்றது.

இச்சடங்கு பயிற்றுநரின் அதிகாரத்துக்கும் வாயிலாயிற்று. கிளீவ்லண்ட் பிரவுண்ஸ் அணியின் பயிற்றுநர் போல் பிரவுண், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வீரரை மாற்றி, அவர் மூலம் தமது கட்டளையைக் களத்துக்கு அனுப்பினார். 1956இல் தாக்குதலை நடத்தும் குவாற்றர்பாக்கின் தலைக்கவசத்தினுள் வானொலிக் கருவி பொருத்தவும் முயன்றார். அது விரைவில் தடைசெய்யப்பட்டது. 1950ஆம் ஆண்டு முதல் ஆட்களைக் கட்டுப்பாடின்றி மாற்றும் உரிமை நிலைபெற்றமையால், தடுக்கும் அணியும் நிலைமைக்கேற்ற தனித்திறனாளர்களை இடைவேளைதோறும் மாற்றி நிறுத்தக் கூடியதாயிற்று. ஆகவே இடைவேளை இரு தரப்புப் பயிற்றுநர்களுக்கும் உரிய உடைமையாயிற்று எனலாம்.

விரைவு என்பது அந்நாட்களில் அறியப்படாத ஒன்றன்று. ஆயின் அது நெருக்கடிக்கால ஆயுதமாகவே கருதப்பட்டது. 1958 டிசம்பர் 28இல் நியூயோர்க்கில் நடைபெற்ற இறுதிப்போட்டி இதற்குத் தக்க சான்று. 17–14 எனப் பின்தங்கியிருந்த பால்ற்றிமோர் கோல்ற்ஸ் அணி, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தபோது தன் எல்லைக்கு அண்மையிலிருந்து புறப்பட்டது. ஜோனி யுனைற்றாஸ் ரேமண்ட் பெரிக்கு அடுத்தடுத்துப் பந்தெறிந்து அணியை முன்னேற்ற, ஏழு செக்கன்கள் எஞ்சியிருக்கையில் ஆட்டம் சமநிலையுற்றது. மேலதிக நேரத்தில் கோல்ற்ஸ் 23–17 என வென்றது. எனினும், இறுதி நிமிடங்களில் இவ்வளவு பயன்தரும் முறையைத் தொடக்கத்திலிருந்தே கைக்கொண்டால் என்ன என்று அன்று வினவியோர் மிகச் சிலரே.

அவ்வினாவைச் செயலாக்கியவர் சின்சினாற்றி பெங்கோல்ஸ் அணியின் பயிற்றுநர் சாம் வைஷ். அவ்வணியை நிறுவியவர், இடைவேளையைத் தம் கைக்குள் கொணர்ந்த அதே போல் பிரவுண் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1987இல் நான்கு போட்டிகளில் மட்டுமே வென்ற அணி, 1988ஆம் ஆண்டுப் பருவத்தில் பன்னிரண்டில் வென்றது. குவாற்றர்பாக் பூமர் எசையாசன், கூடலின்றியே பந்திருக்கும் கோட்டுக்கு வீரரை நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்குவார். களத்திலுள்ள தடுப்பாளர் களைத்திருப்பினும் வெளியேற இயலாது. வெளியேற முற்படின் பதினொருவருக்கு மேற்பட்டோர் களத்தில் நின்ற குற்றத்துக்குத் தண்டனை கிடைக்கும். சில எதிரணியினர் காயமுற்றவர்போல் வீழ்ந்து ஆட்டத்தை நிறுத்த முயன்றனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

1989 ஜனவரி 8இல் பபலோ பில்ஸ் அணியுடனான அமெரிக்கப் பிரிவு இறுதிப்போட்டிக்குச் சில மணி நேரத்துக்கு முன்னர், இம்முறையைக் கையாண்டால் தண்டனை விதிக்கப்படுமெனத் தேசிய உதைபந்தாட்ட லீக் வைஷை எச்சரித்தது. பபலோவின் பயிற்றுநர் மார்வ் லீவி இம்முறையைக் கடுமையாக எதிர்த்தவர். கூடித்தான் ஆகவேண்டுமென எவ்விதியும் கூறவில்லை என்பது ஒரு சாராரின் வாதம். ஆள் மாற்றும் எதிரியைப் பொறியில் வீழ்த்துவது திறமையாகாது என்பது மறுசாராரின் வாதம். பெங்கோல்ஸ் அன்று 21–10 என வென்றது. முடிவில் விரைவு தடைசெய்யப்படவில்லை. தாக்கும் அணி ஆள் மாற்றின் தடுக்கும் அணிக்கும் மாற்ற அவகாசம் வேண்டும் என்ற வரம்பே நிலைத்தது. இரு வாதங்களிலும் உண்மை இருந்தமையை இத்தீர்வு உணர்த்துகின்றது.

இதனினும் கருதத்தக்கது அடுத்து நிகழ்ந்ததாகும். ஹாவாட்டில் ஆங்கில வரலாறு கற்று முதுமாணிப் பட்டம் பெற்ற லீவியே, தாம் எதிர்த்த முறையை 1990இல் தமதாக்கிக் கொண்டார். கீத் மக்கெலர் என்ற வீரரின் பெயரையொட்டி 'கே-கன்' எனப்பட்ட இவ்வமைப்பில், நகர்வுகளைத் தெரிவு செய்யும் உரிமை குவாற்றர்பாக் ஜிம் கெலியிடமே விடப்பட்டது. பயிற்றுநரிடமிருந்த அதிகாரம் மீண்டும் களத்துக்குத் திரும்பிற்று. 1991 ஜனவரி 20இல் பபலோ, றெயிடேர்ஸ் அணியை 51–3 என வீழ்த்தியது.

ஒரு வாரத்தின் பின் நடைபெற்ற இருபத்தைந்தாவது சுப்பர் போல் போட்டியிலோ இம்முறையின் மறுபக்கம் வெளிப்பட்டது. நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணி 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடம் 33 செக்கன் பந்தைத் தன்வசம் வைத்திருந்தது. ஒரே முன்னேற்றம் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. விரைந்து தாக்கும் அணி தோல்வியுறும்போதும் விரைந்தே தோல்வியுறுகின்றது. அதனால் அதன் சொந்தத் தடுப்பாளரே ஓய்வின்றிக் களம் திரும்ப நேர்கின்றது. ஸ்கொட் நோவூட் 47 யார் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலப்புறம் விலகிச் செல்ல, பபலோ 20–19 எனத் தோற்றது. ஓர் உதையின் பிழையைக் கொண்டு முழு முறையையும் பழிப்பது பொருந்தாது. தொடர்ந்து நான்கு சுப்பர் போல்களை எட்டிய வேறோர் அணி இல்லை. எனினும் நான்கிலும் அவ்வணி தோற்றது என்பதும் மறைத்தற்குரியதன்று.

1994இல் லீக் குவாற்றர்பாக்கின் தலைக்கவசத்தில் வானொலியை அனுமதித்தபோது, பிரவுணின் பழைய கனவு சட்டபூர்வமாயிற்று. ஆயின் பெய்ற்றன் மனிங் கோட்டுக்கு முன்கூட்டியே வந்து, எதிரணியின் நிலையை வாசித்து, நகர்வைத் தாமே மாற்றினார். அவர் பெரிதும் விரைந்தாரல்லர். எக்கணமும் விரையலாம் என்ற அச்சமே எதிரணியை ஆள் மாற்றவிடாது தடுத்தது. 2013இல் அவரது டென்வர் அணி 606 புள்ளிகள் பெற்றுச் சாதனை படைத்தது. அதே ஆண்டில் ஒரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பிலடெல்பியாவுக்கு வந்த சிப் கெலி இடையறாத வேகத்தையே கொள்கையாக்கினார். 2015இன் இறுதியில் பதவி நீக்கப்பட்டார்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. இவ்வாட்டமுறை காலத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. ஒருவரிடமிருந்த காலத்தை மற்றொருவரிடம் கையளித்தது. எதிரணியின் ஓய்வைப் பறித்தவர் தம்மவரின் ஓய்வையும் ஈடாகக் கொடுக்க நேர்ந்தது. வேகத்தைக் கொள்கையாக அன்றி உரிமையாகக் கொண்டு, விரையவும் தாமதிக்கவும் அறிந்தவரிடமே அது நீடித்த பயன் தந்தது. நியாயமற்றதென ஒரு காலத்தில் எதிர்க்கப்பட்டது, எதிர்த்தவர் கையிலேயே முழுமை பெற்றமை, புதுமைகளை மதிப்பிடுவோர் என்றும் நினைவிற் கொள்ளவேண்டிய பாடமாகும்.