பைக் இல்லையா? பஸ் ஏறுங்க... மலை ஏறுங்க!

வாரத்துக்கு ஒரே ஒரு நாள் லீவு. பைக் இல்லை, கார் இல்லை. இன்ஸ்டாவைத் திறந்தால் எவனோ ஒருத்தன் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். 'நமக்கெல்லாம் எங்கே...' என்று தள்ளிவிட்டுப் போகாதீங்க. அரசு பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்தே நடக்க ஆரம்பிக்கிற மலைகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

ஒரே ஒரு கண்டிஷன். பைக்கில் போகிறவர் மலையைப் பார்த்துத் திட்டம் போடலாம். நீங்கள் கடைசி பஸ்ஸைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதற்கு வாருங்கள். அலாரம் 4 மணிக்கு வைக்க வேண்டிவந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை!

முதல் தடவையா? செஞ்சி போங்க

சென்னைக்காரர்களுக்கு இதைவிட எளிதான தொடக்கம் இல்லை. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் திண்டிவனம் தாண்டி செஞ்சி வரும். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை சுமார் 2 கிலோமீட்டர். நடக்கலாம், ஆட்டோவும் கிடைக்கும். திருவண்ணாமலை ரோடு கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது என்பதால், கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சில சமயம் அங்கேயே இறக்கிவிடுவார்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் சுவரால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. 1677-ல் சிவாஜி கைப்பற்றினார். பிறகு அவர் மகன் ராஜாராம் முகலாயப் படைக்குப் பிடிகொடுக்காமல் வருடக்கணக்கில் இங்கேதான் தங்கியிருந்தார். நம் ஊர்க் கதைப்பாட்டில் வரும் தேசிங்கு ராஜா, 1714-ல் ஆற்காடு நவாப்பின் படையோடு மோதி உயிர்விட்டதும் இந்த மண்ணில்தான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, வீக் எண்டில் கூட்டம் கொஞ்சம் கூடுதல்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கல் படிகள்தான், வழி தவற வாய்ப்பில்லை. ஆனால், பாறை சூடேறிவிட்டால் தோசைக்கல்தான். காலை 8 மணிக்கு ஏற ஆரம்பிப்பவருக்கும் 11 மணிக்கு ஆரம்பிப்பவருக்கும் ஒரே மலை இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து ஒரு பெரிய பள்ளம் வரும். அதன் மேல் போட்டிருக்கும் பாலத்தைக் கடந்துதான் கோட்டை வாசலுக்குப் போக முடியும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். பாலத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள், இந்தக் கோட்டையைப் பிடிக்க ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்று புரியும்.

மதியத்துக்கு மேல் போனால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டபடி ஏறாதீர்கள். குரங்குகள் உங்களைவிட வேகம்.

கொல்லிமலை: இறங்குவது சுலபம்!

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு பஸ் இருக்கிறது. அடிவாரமான காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் உடம்பு என்றால் முன் சீட்டைப் பிடியுங்கள், ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

பஸ் ஏறும்போதே 'அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் போகுமாண்ணே?' என்று கேட்டுவிடுங்கள். சில பஸ்கள் செம்மேட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்கு மலை மேலேயே இன்னும் பல கிலோமீட்டர் போக வேண்டும். செம்மேட்டில் இறங்க நேர்ந்தால், வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம்.

கோயிலுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது ஆகாய கங்கை அருவிக்கான படிக்கட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது இறங்குகிறோம், அருவியில் ஆட்டம் போட்டு, பசியோடு இருக்கும்போது ஏறுகிறோம். இந்தக் கணக்கில்தான் எல்லோரும் தப்புச் செய்வார்கள். நானும் செய்தேன். இறங்க அரை மணி நேரம்தான் ஆனது, ஏறவும் அவ்வளவுதான் ஆகும் என்று அருவியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கி மேலே வந்து சேர ஒன்றரை மணி நேரம். பஸ் போயே போச்சு. பலாப்பழ லோடு ஏற்றிய ஒரு வேன்காரர் பாவம் பார்த்து செம்மேடு வரை கொண்டுவந்துவிட்டார். வழியெல்லாம் வாசனை நன்றாக இருந்தது, மனசுதான் திக் திக் என்று இருந்தது. இறங்க ஆன நேரத்தைப் போல மூன்று மடங்கை ஏறுவதற்கு ஒதுக்குங்கள்.

மழை அதிகமாகி வெள்ளம் வந்தால் அருவிக்கு விடமாட்டார்கள். கேட்டில் நிற்பவரிடம் சண்டை போட வேண்டாம். தண்ணீர் திடீரென ஏறினால் அந்தப் பள்ளத்தில் ஓடி ஒதுங்க இடம் கிடையாது.

கொடைக்கானலில் ஒரு லாபம்

2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கொடைக்கானல் போய் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் பாதை, நடப்பவர்களிடையே ரொம்பப் பிரபலம். தலைமுறை தலைமுறையாகக் காலால் நடந்தே வெளியுலகத்துக்கு வந்துபோன ஊர் அது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை, நீங்களும் கழற்றிவிடுங்கள்.

ஆனால், இது காட்டுப்பாதை. செஞ்சி மாதிரி டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரே ஏற முடியாது. வனத்துறையிடம் முன்பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

'யாரு பார்க்கப்போறாங்க' வேண்டாம்

2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்துபோன குழு காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் உங்களைப்போல வார விடுமுறைக்குக் கிளம்பி வந்த இளைஞர்கள். காய்ந்த போதைப்புல் பற்றிக்கொண்டால் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷனால் ஓட முடியாது.

அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை அரசு ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். தீப்பிடிக்கும் காலம் என்பதால் பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் போல மூடிவிடுவார்கள். அந்த நாள்களில் 'எனக்கு வேற வழி தெரியும் ப்ரோ' என்று யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் போகாதீங்க. உள்ளே நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது என்றால், தேடவும் யாரும் வரமாட்டார்கள்.

பையில் என்ன?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வேர்க்கடலை மிட்டாய், ஒரு டார்ச், பவர் பேங்க். கொடைக்கானல் என்றால் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைத் தவிர்த்து ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே தடை இருக்கிறது. மலையில் சிக்னல் போய்விடும் என்பதால் மேப்பைக் கிளம்பும் முன்பே டவுன்லோடு செய்துவிடுங்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் சாதாரணக் கட்டண பஸ்களில்தான். செஞ்சி மாதிரி வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கணும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலை, நேர அட்டவணை போர்டை போனில் ஒரு போட்டோ எடுப்பது. அடுத்தது, டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, 'சாயந்தரம் கடைசி பஸ் எத்தனை மணிக்குண்ணே?' என்று கேட்பது. போர்டும் டீக்கடைக்காரரும் வேறு வேறு நேரம் சொன்னால், டீக்கடைக்காரரை நம்புங்கள். அதற்கு முந்தைய பஸ்ஸுக்கு வந்து நில்லுங்கள்.