‘ஆளில்லாத’ தீவுகளும் நம்ம லயங்களும்

இந்து சமுத்திரத்தில் பிரித்தானிய விமானப்படை தீவுக்குத் தீவு எப்படிப் பாதை போட்டது என்று தேடத் தொடங்கியது சும்மா ஒரு விமானப் பைத்தியத்தில்தான். படிச்சு முடிக்கும்போது நாங்கள் வந்து நின்ற இடம் ஹட்டன் ஸ்டேஷன்.

1942-இல் சிங்கப்பூர் விழுந்ததும் சிலோன் போர்முனைக்கு வந்துவிட்டது. காலிக்குப் பக்கத்தில் கொக்கலை ஏரியிலிருந்து கட்டலினா கடல்விமானங்கள் பறந்தன. அந்த ஏப்ரல் 4-இல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்த பர்ச்சல் புறப்பட்டதும் அங்கிருந்துதான். கட்டலினாவுக்கு ஓடுபாதை தேவையில்லை, அலை அடங்கிய தண்ணீர் போதும். பவளத்தீவுகளுக்கு நடுவில் இருக்கும் களப்புகளில் அது தாராளமாகக் கிடைத்தது. கொக்கலையிலிருந்து சுமார் 1,100 கிலோமீற்றரில் மாலைதீவின் அட்டு. அங்கிருந்து தெற்கே இன்னொரு 700 சொச்சம் போனால் டியேகோ கார்சியா. எரிபொருளைக் கப்பலில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விமானம் போக முதலில் கப்பல் போகணும்!

யுத்தத்துக்குப் பிறகு பெரிய விமானங்கள் வந்தன, ஓடுபாதை அவசியமானது. 1957-இல் பண்டாரநாயக்க அரசு கட்டுநாயக்கவைத் திரும்ப எடுத்ததும், பிரித்தானியர் அட்டுவின் கான் தீவுக்குப் போனார்கள். கான் சனங்கள் பக்கத்துத் தீவுக்கு மாற்றப்பட்டார்கள். 1965-இல் சாகோஸ் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்து, அடுத்த வருஷமே டியேகோ கார்சியாவை அமெரிக்கத் தளத்துக்கு ஒதுக்கினார்கள்.

அங்கே ஆளில்லையா? இருந்தார்கள். தென்னந்தோட்டம், கொப்பரா வேலை, தலைமுறை தலைமுறையாக. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும். தென்னிந்தியாவிலிருந்து போன கூலிகளின் வழிவந்தவர்களும் அவர்களோடு கலந்திருந்தார்கள். ஆனால் நிரந்தரக் குடிகள் என்று ஒத்துக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்லவேண்டும். அதனால் லண்டன் அதிகாரிகள் அவர்களை ஒப்பந்தத் தொழிலாளர், வந்துபோகிறவர்கள் என்று எழுதி வைத்தார்கள்.

இந்தச் சொல்லில்தான் நாங்கள் நின்றுவிட்டோம். நம்ம தாத்தா பாட்டியைப் பற்றியும் இதைத்தானே சொன்னார்கள்! 1948-இல் குடியுரிமை போனது. 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. கொழுந்து பறித்த மலையில் பிறந்தவர்களையும் சேர்த்துத்தான். இரண்டையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அங்கே விமானத் தளம், இங்கே வாக்குக் கணக்கு. ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு ஊர் கிடையாது என்ற நினைப்பு இரண்டிலும் இருக்கிறது.

டியேகோ கார்சியாவில் 1971-இல் சனங்களின் நாய்களைக் கொப்பராக் கொட்டிலில் அடைத்துப் புகையால் கொன்றார்கள். ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1973-இல் சாகோஸின் கடைசிக் குடும்பங்களும் போனபோது, இங்கே மலையகத்து ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்கு ஒப்பாரிக் கோச்சி ஓடிக்கொண்டிருந்தது.