ஒலிபெருக்கிப் பெட்டி வடிவமைப்பு

ஒலிபெருக்கியின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டு அலைகளும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதைத் தடுக்கவே பெட்டி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ், பெட்டியில் துளையிட்டுப் பின்பக்க ஒலியையும் பயன்படுத்தும் முறைக்கு 1932-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் பெட்டியின் கொள்ளளவு என்ன, துளைக்குப் பின்னுள்ள குழாயின் நீளம் என்ன என்பதற்கு எளிய கணக்கு நெடுங்காலம் கைக்கு வரவில்லை. செய்து, கேட்டு, அறுத்துத் திருத்துவதே வழக்கமாக இருந்தது.

விடை மின்சுற்றில் இருந்தது. கூம்பின் நிறை, அதைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்வு, உராய்வு ஆகிய மூன்றும் கணக்கில் மின்தூண்டி, மின்தேக்கி, மின்தடை போலவே நடந்துகொள்கின்றன. பெட்டிக்குள் அடைபட்ட காற்று இன்னொரு சுருள்வில். குழாயில் நிற்கும் காற்று இன்னொரு நிறை. அப்படியானால் முழு அமைப்பும் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டி, மற்றவற்றை விடும் ஒரு வடிகட்டிதான். 1950-களில் லொகாந்தி, நோவாக் போன்றோர் இவ்வழியில் நடந்தார்கள்.

இதை முழுமையாக்கியவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல். மூடிய பெட்டி இரண்டாம் படி வடிகட்டி என்றால், துளைப்பெட்டி நான்காம் படி வடிகட்டி. பட்டர்வொர்த், செபிஷேவ் வடிகட்டிகளுக்கான அட்டவணைகள் மின்பொறியாளர்களிடம் ஏற்கெனவே இருந்தன. அவற்றைத் தீல் அப்படியே மரப்பெட்டிக்குப் பொருத்தி, 28 அமைவுகளை 1961-இல் வெளியிட்டார். ஆஸ்திரேலிய இதழில் வந்த அக்கட்டுரை, அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழில் 1971-இல் மறுபதிப்பான பிறகே உலகெங்கும் பரவியது. பத்தாண்டுகள் வீணாயின என்றே சொல்ல வேண்டும். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால், 1972 முதல் எழுதிய தொடர் கட்டுரைகளில் இம்முறையை விரிவாக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒத்ததிர்வு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், அந்த ஒத்ததிர்வு எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் க்யூ 0.38, நெகிழ்வுக்கு இணையான காற்று 100 லிட்டர் கொண்ட ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். சுமார் 70 லிட்டர் துளைப்பெட்டியில், 30 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்தால், ஒலி ஏறக்குறைய 30 ஹெர்ட்ஸ் வரை சமமாக இறங்கும். மூடிய பெட்டியென்றால் சுமார் 41 லிட்டர் போதும். ஆனால் 55 ஹெர்ட்ஸிலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, அதிகத் திறன் மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு அதிர்வெண், க்யூ, இணையான காற்று ஆகிய எண்களை அளக்க எதிரொலியில்லா அறை தேவையில்லை. அதிர்வெண் ஆக்கியும் வோல்ட்மீட்டரும் போதும். அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினால், திறந்த வெளியில் வைத்த ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஒரு மேட்டைக் காட்டும். துளைப்பெட்டியில் பொருத்தினால் அந்த ஒரு மேடு இரண்டாகப் பிரியும். நடுவிலுள்ள பள்ளமே பெட்டியின் சுருதி.

தீல்-ஸ்மால் அளவைகளில் முதன்மையான இம்மூன்று எண்களும் இன்று ஸ்பீக்கரின் விவரத்தாளில் அச்சாகின்றன. பெட்டி செய்ய நினைப்பவர் வாட் எண்ணுக்கு முன்னால் இவற்றைப் பார்க்க வேண்டும்.