காண்கலையில் தொடர்வரிசை

ஒரே உருவத்தை அல்லது வடிவத்தை ஒரு கலைஞர் பல படைப்புகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாள்வதும், அவை ஒன்றோடொன்று சேர்ந்தே பொருள் தருவதும் தொடர்வரிசை எனப்படும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890–91இல் வரைந்த வைக்கோற்போர்கள் புகழ்பெற்ற முன்னோடி. 1962இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் கேம்பெல் சூப் டப்பாவை 32 ஓவியங்களாக வரைந்தார். மோனேவிடம் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறியது. வார்ஹோலிடம் டப்பாவில் எழுதிய சூப் வகையின் பெயர்தான் மாறியது.

தமிழ் நிலத்தில் இந்த எண்ணம் கோயில் கதையில் முன்பே உண்டு. சிவனின் எட்டு வீரச் செயல்களுக்குரிய அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் தலபுராணம் அந்தகாசுரன் வதத்தைச் சொல்கிறது. அவன் உடலிலிருந்து சிந்திய ஒவ்வொரு துளி இரத்தத்திலும் ஓர் அசுரன் எழுந்தான். தரையில் ஓடிய இரத்தக் கோடுகள் 64 கட்டங்களாயின. கட்டத்துக்கு ஒருவராக 64 பைரவர்கள் நின்று அசுரப் பெருக்கத்தை அடக்கினர். வாஸ்து வழிபாட்டின் தோற்றத்தையும் இங்கேயே வைத்துச் சொல்வர். கட்டுக்கடங்காமல் பெருகுவதைக் கட்டம் போட்டு ஒழுங்குக்குக் கொண்டுவரும் இந்தக் கற்பனை, தொடர்வரிசையின் உள்ளியல்பை எந்தக் கலைக் கோட்பாட்டைவிடவும் கூர்மையாகக் காட்டுகிறது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரத் தச்சர்கள் தெய்வ உருவங்களைத் தலைமுறைகளாக மரத்தில் செதுக்குகிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் இதைத் தொடர்வரிசை என்பது பொருந்தாது. சிற்பி ஓர் உருவை மறுபடி செய்யக் காரணம் மரபின் அளவுகளும் வழிபாட்டுத் தேவையும். தொடர்வரிசைக் கலைஞரோ மறுபடி செய்வதையே தம் ஆய்வாக எடுத்துக்கொள்கிறார்.

அந்த ஆய்வைச் சென்னையில் நெடுங்காலம் நடத்தியவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த அவர், 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், எண்கள், எழுத்துப்போல் தோன்றினாலும் வாசிக்க முடியாத கீறல்கள் ஆகியவை அதில் படத்துக்குப் படம் திரும்ப வருகின்றன. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் நிறுவிய பிறகும் அவர் இவ்வரிசையை விடவில்லை.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) எடுத்துக்கொண்டதோ ஒரு முகம். திருச்சி மாவட்டத்துக் கீழக்குறிச்சியில் பிறந்த அவர், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி காந்தியைப் பேனாவாலும் மையாலும் நூறு படங்களாக வரைந்தார். அதே ஆண்டு அதே முகம் தபால்தலையிலும் ரூபாய் நோட்டிலும் நாணயத்திலும் அச்சேறியது. அச்சில் ஒரு முகம் கோடிமுறை வந்தாலும் ஒன்றுதான். ஆதிமூலத்திடம் அது நூறு முகம். எல்லோருக்கும் தெரிந்த ஆள் என்பதால் அடையாளம் காட்டும் சுமை கோட்டுக்கு இல்லை. அது தடித்தும் மெலிந்தும் சிக்கியும் தன் போக்கில் போகலாம். தமிழ்நாட்டில் தொடர்வரிசையின் வலிமைக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

பின்னர் அவர் அரசர்களை ஒரு வரிசையாக வரைந்தார். 1970களின் பிற்பகுதியில் எண்ணெய் வண்ண அரூப ஓவியங்களுக்குச் சென்றார். கோட்டோவியத்தை மட்டும் கைவிடவில்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் அவரே.