மூன்று செயலிகளில் ஒரு ஹனுமான்: ஐதராபாத் திரையும் அதன் உடைமையாளர்களும்

  சென்னையில் வேரூன்றியிருந்த தெலுங்குத் திரைத்தொழில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த வரலாறு அந்நகரின் அமீர்பேட் பகுதியில் தொடங்குகிறது. 1950களின் இரண்டாம் பாதியில் அங்கே சாரதி ஸ்டுடியோ எழுந்தது. முழுக்க ஐதராபாத்திலேயே எடுக்கப்பட்ட முதல் தெலுங்குப் படமான 'மா இன்டி மகாலட்சுமி' 1959இல் வந்தது. ஆனாலும் நட்சத்திரங்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் சென்னையை விட்டு எளிதில் அசையவில்லை. 1970களில் அக்கினேனி நாகேஸ்வரராவ் பஞ்சாரா ஹில்ஸில் அன்னபூர்ணா ஸ்டுடியோவை நிறுவிய பிறகே நிலைமை மாறியது.

மீமனித நாயகனுக்கும் தெலுங்குத் திரைக்கும் உள்ள உறவு ஹாலிவுட்டிலிருந்து இறக்குமதியானது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. என்.டி. ராமராவ் நடித்த 'சூப்பர்மேன்' 1980இல் வெளியானது. பெயரும் உடையும் அமெரிக்காவுடையவை; ஆனால் அந்த நாயகன் வேறு கிரகத்திலிருந்து வந்தவன் அல்லன், அனுமனின் அருளால் ஆற்றல் பெற்றவன். ராமனாகவும் கிருஷ்ணனாகவும் ராமராவை வணங்கிப் பழகிய ரசிகர்களுக்கு அந்த மாற்றம் இயல்பாகவே இருந்தது. புராணத்தின் மீது இப்படிப் புதிய சட்டை போர்த்தும் வழக்கம் 44 ஆண்டுகளுக்குப் பின் மிகப் பெரிய வணிகமாகத் திரும்பி வந்தது.

இடைப்பட்ட காலத்தில் மாறியவை கதைகள் அல்ல, கதைகளைக் கொண்டுசேர்க்கும் குழாய்களின் உடைமை. 1995இல் ஜெமினி டிவியும், 'ஈநாடு' நாளிதழின் ராமோஜி ராவ் தொடங்கிய ஈடிவியும் ஒளிபரப்பைத் தொடங்கின. ஜெமினி பின்னர் சென்னையின் சன் குழுமத்துக்குள் வந்தது. 2000களில் உருவான மா டிவியில் சிரஞ்சீவி, நாகார்ஜுனா, அல்லு அரவிந்த் போன்ற திரையுலகினரே பங்கு வைத்திருந்தனர். படம் எடுப்பவர், நடிப்பவர், ஒளிபரப்புபவர் மூவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்த காலம் அது. அது நீடிக்கவில்லை.

2012 ஜனவரியில் ஈடிவியின் பிற மொழி அலைவரிசைகளின் பங்குகளையும் தெலுங்கு அலைவரிசைகளில் 24.5 விழுக்காட்டையும் உள்ளடக்கிய சுமார் 2,100 கோடி ரூபாய் ஒப்பந்தத்தை நெட்வொர்க்18 குழுமம் அறிவித்தது. 2014இல் அந்தக் குழுமமே ரிலையன்ஸ் கைக்குப் போனது. கன்னடம், மராத்தி, வங்காளம் முதலிய மொழிகளின் ஈடிவி பொழுதுபோக்கு அலைவரிசைகள் 'கலர்ஸ்' என்று பெயர் மாறின. 2015இல் மா டிவியை ஸ்டார் இந்தியா வாங்கியது. தமிழின் விஜய் டிவி அதற்கு முன்பே, 2001இல், ஸ்டாரிடம் சென்றிருந்தது.

இங்கேதான் அமெரிக்க மீமனித நாயகர்களின் கதையும் ஐதராபாத்தின் கதையும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1990களில் பணமுடையில் சிக்கிய மார்வெல் நிறுவனம் தன் பாத்திரங்களின் திரைப்பட உரிமைகளைத் துண்டு துண்டாக விற்றது. எக்ஸ்-மென் ஃபாக்ஸிடமும் ஸ்பைடர்மேன் சோனியிடமும் போயின. 2009இல் மார்வெலை வாங்கிய டிஸ்னி, 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் பெரும்பகுதியை 7,100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வல்வரின் இனி அவெஞ்சர்ஸுடன் சேர முடியும் என்று உலகெங்கும் ரசிகர்கள் கொண்டாடினர். அதே கையெழுத்தில் ஸ்டார் இந்தியாவும், அதனுள் இருந்த மா டிவியும் விஜய் டிவியும் டிஸ்னியின் சொத்தாயின. ஐதராபாத் நடிகர்கள் பங்கு வைத்திருந்த ஓர் அலைவரிசை நான்கே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் கணக்கேட்டில் ஒரு வரியானது. 2020 ஏப்ரலில் டிஸ்னி தன் ஓடிடி சேவையை ஸ்டாரின் ஓடிடியான ஹாட்ஸ்டாருடன் இணைத்து இந்தியாவில் இறக்கியது.

ஐதராபாத் வாளாவிருக்கவில்லை. அதே 2020இல் அல்லு அரவிந்தின் தரப்பும் மை ஹோம் குழுமமும் சேர்ந்து தெலுங்குக்கு மட்டுமான 'ஆஹா' ஓடிடியைத் தொடங்கின. 2022 ஏப்ரலில் அதற்குத் தமிழ்ப் பிரிவும் வந்தது. 2023இல் அமீர்பேட்டில் பழைய சத்யம் திரையரங்கு இருந்த இடத்தில் அரவிந்தின் மகன் அல்லு அர்ஜுன் பங்குதாரராக உள்ள ஏஏஏ சினிமாஸ் திறந்தது. தயாரிப்பு, திரையரங்கு, ஓடிடி மூன்றும் ஒரே குடும்ப வட்டத்துக்குள் வந்தன. அமெரிக்காவில் 1948இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து ஸ்டுடியோக்கள் திரையரங்குகளைக் கைவிட நேர்ந்தது. இந்தியாவில் அத்தகைய தடை எப்போதும் இருந்ததில்லை. ஊடக உடைமையைக் கட்டுப்படுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இல் அளித்த பரிந்துரைகளும் சட்டமாகவில்லை.

2024 ஜனவரி 12 அன்று பிரசாந்த் வர்மா இயக்கி, தேஜா சஜ்ஜா நடித்த 'ஹனுமான்' வெளியானது. கிராமத்து இளைஞன் ஒருவனுக்கு அனுமனின் ஆற்றல் கிடைக்கும் கதை. சங்கராந்திக்கு வந்த பெரிய நட்சத்திரப் படங்களுக்கு நடுவே ஐதராபாத்தில் போதிய திரைகளே அதற்குக் கிடைக்கவில்லை. இருந்தும் மக்கள் பேசிப் பேசியே படம் பரவி, ஆண்டின் பெரும் வெற்றிகளுள் ஒன்றானது.

ஓடிடிக்கு வந்தபோது ரசிகர்கள் திகைத்தார்கள். இந்திப் பதிப்பு மார்ச் 16 அன்று ரிலையன்ஸின் ஜியோசினிமாவில். தெலுங்கு மார்ச் 17 அன்று ஜீ5இல். தமிழ், கன்னடம், மலையாளம் ஏப்ரல் 5 அன்று டிஸ்னி+ ஹாட்ஸ்டாரில். ஒரே படத்தை வீட்டில் தாத்தா தெலுங்கிலும் பேத்தி இந்தியிலும் பார்க்க விரும்பினால் இரண்டு செயலிகள் தேவை. தயாரிப்பாளர் பக்கம் இதற்கு நியாயம் உண்டு. உரிமையை மொழிவாரியாகப் பிரித்து விற்றால் போட்டி கூடும், விலை கூடும். அதே ஆண்டு வந்த 'கல்கி 2898 ஏடி'யும் இந்தியில் நெட்ஃப்ளிக்ஸிலும் தென்னிந்திய மொழிகளில் பிரைம் வீடியோவிலும் வெளியானது.

ஆனால் 'ஹனுமான்' ஜியோசினிமாவுக்கு வரும் முன்பே, பிப்ரவரி 28 அன்று, ரிலையன்ஸும் டிஸ்னியும் தங்கள் இந்திய ஊடகத் தொழில்களை இணைக்கப்போவதாக அறிவித்திருந்தன. சோனியும் ஜீயும் இணையவிருந்த திட்டம் அதற்கு ஒரு மாதம் முன்புதான் முறிந்திருந்தது. போட்டி ஆணையத்தின் ஒப்புதலுக்குப் பின் 2024 நவம்பரில் இணைப்பு நிறைவேறியது. புதிய நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் எனக் கூறப்பட்டது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி+ ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றாயின. இரு வேறு வாங்குவோருக்கு விற்கப்பட்ட இந்தி 'ஹனுமான்', தமிழ் 'ஹனுமான்' இரண்டின் இடங்களும் ஓராண்டுக்குள் ஒரே கூரையின் கீழ் வந்தன.

2025 செப்டம்பரில் தேஜா சஜ்ஜா நடித்த 'மிராய்' வந்தது. அக்டோபரில் அது ஜியோஹாட்ஸ்டாரில் தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம் நான்கிலும் ஒரே நாளில் கிடைத்தது. தமிழில் பார்க்கத் தெலுங்குக்குப் பின் 19 நாள் காத்திருந்த 'ஹனுமான்' ரசிகருக்கு இது தெளிவான வசதி. படம் எடுத்தவருக்கோ கதவைத் தட்ட ஒரு வீடு குறைந்துவிட்டது. பெரிய நட்சத்திரம் இல்லாத அடுத்த 'ஹனுமான்' நல்ல விலை பெற வேண்டுமானால், ஆஹா, ஈடிவி வின், சன் நெக்ஸ்ட் ஆகிய தென்னிந்திய ஓடிடிகள் போட்டியில் தாக்குப்பிடிக்க வேண்டும்.