பெக் இன்ஸ்டிடியூட்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகரை ஒட்டிய பாலா கின்வுட் என்ற புறநகரில் 1994-இல் தொடங்கப்பட்ட பயிற்சி நிறுவனம். மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் அவருடைய மகளான உளவியலாளர் ஜூடித் பெக்கும் இதை நிறுவினார்கள். லாப நோக்கற்றது. சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள், ஆலோசகர்கள் ஆகியோருக்குக் கற்றுக்கொடுப்பது இதன் முதன்மைப் பணி. நிறுவனத்துக்கு வயது குறைவு. அது கற்பிக்கும் சிகிச்சையின் கதை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்தையது.

ஆரன் பெக் 1921-இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1946-இல் மருத்துவம் முடித்தார். முதலில் அவர் நாடியது நரம்பியலை. மனநல மருத்துவத்துக்கு வந்தது பிறகுதான். 1954-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அன்று மனநல மருத்துவத்தில் கொடிகட்டிப் பறந்தது ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு. பெக்கும் அதில் முறையாகப் பயிற்சி பெற்று 1958-இல் தேறினார்.

உளப்பகுப்பாய்வை ஆய்வின் மூலம் நிலைநாட்ட வேண்டும் என்பதே அவருடைய தொடக்க நோக்கம். அடங்கிக் கிடக்கும் கோபம் தன்மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. அப்படியானால் நோயாளிகளின் கனவுகளில் கோபம் தென்பட வேண்டும். பெக் தேடிப் பார்த்தபோது அங்கே கிடைத்தது இழப்பும் தோல்வியும் ஏமாற்றமும். சோபாவில் படுத்துக்கொண்டு மனம்போன போக்கில் பேசிய நோயாளிகளும் வேறொன்றைக் காட்டிக்கொடுத்தார்கள். ஒரு பெண் தன் அந்தரங்க அனுபவங்களை விவரித்துக்கொண்டிருக்கிறார். கூடவே பதற்றமும் ஏறுகிறது. காரணம் அந்த அனுபவங்கள் அல்ல, ‘டாக்டருக்கு என் பேச்சு சலிப்பூட்டுகிறதோ’ என்று உள்ளே ஓடிய நினைப்பு. இப்படி அழையாமல் வந்து, ஆராயப்படாமலே நம்பப்படும் நினைப்புகளுக்குப் பெக் ‘தானியங்கி எண்ணங்கள்’ என்று பெயர் வைத்தார். அவற்றைப் பிடித்து, சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது சிகிச்சையின் மையமாயிற்று. 1960-இல் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர்களின் அமைப்பு அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்துவிட்டது. பின்னாளில் பிறருக்குத் தகுதிச் சான்று வழங்கும் இடத்துக்கு அவரே வந்தார் என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

அவருக்கு அளவுகோல்கள் மீது தனிப் பிரியம் இருந்தது. 1961-இல் வெளியான பெக் மனச்சோர்வு வினாப்பட்டியல் 21 கேள்விகள் கொண்டது. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. 1977-இல் ஜான் ரஷ் முதலியோருடன் அவர் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு கொண்ட 41 பேரில் ஒரு பகுதியினருக்கு இமிப்ரமின் மாத்திரையும் மற்றவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சையும் 12 வாரங்கள் கொடுக்கப்பட்டன. பேச்சுச் சிகிச்சை முந்தியது. கடைசி வாரங்களில் மாத்திரையைக் குறைத்துவிட்டார்களே என்ற விமர்சனம் பிறகு எழுந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் ஒரு பேச்சுச் சிகிச்சை மருந்துக்கு ஈடுகொடுத்து நின்ற செய்தி மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1979-இல் வந்த ‘மனச்சோர்வுக்கான அறிவாற்றல் சிகிச்சை’ என்ற நூல், சிகிச்சையறையில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதி வைத்தது.

பயிற்சி என்ற பிரச்சினை இங்கேதான் தலைதூக்குகிறது. நூல் வந்துவிட்டது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் மூன்று இடங்களில் நடத்தி 1989-இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வில், கடும் மனச்சோர்வு கொண்டவர்களிடம் சிபிடி எதிர்பார்த்த அளவு சோபிக்கவில்லை. சிகிச்சை பலவீனமா, கொடுத்தவர்களின் பயிற்சி போதாதா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2005-இல் பென்சில்வேனியா, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்களில் 240 பேரிடம் நடந்த ஆய்வு இந்த வாதத்துக்கு ஒரு பிடி கொடுத்தது. பென்சில்வேனியாவில் சிபிடி மருந்துக்குச் சமமாக நின்றது. வாண்டர்பில்ட்டில் மருந்து முந்தியது. சிகிச்சையாளர்களின் அனுபவ வேறுபாடு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பயிற்சி நிறுவனம் ஒன்று தேவை என்பதற்கு இதைவிட வலுவான வாதம் கிடைப்பது அரிது.

ஆரன் பெக் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஒரு சிகிச்சை மையம் நடத்திவந்தார். வெளியே தனி நிறுவனம் உருவானபோது அதன் அன்றாட வடிவத்தைத் தீர்மானித்தவர் ஜூடித் என்றே சொல்ல வேண்டும். உளவியலுக்கு வருமுன் அவர் கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். சிக்கலான ஒன்றைச் சிறு படிகளாக உடைத்துச் சொல்லும் ஆசிரியத் தொழிலின் பழக்கம் அவருடைய 1995-ஆம் ஆண்டுப் பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. மனநிலையை விசாரிப்பது, அன்றைய நிகழ்ச்சிநிரலை நோயாளியோடு சேர்ந்து வகுப்பது, வீட்டுப்பாடத்தைப் பார்ப்பது, கடைசியில் ‘இன்று எது உதவியது, எது உறுத்தியது’ என்று கேட்பது என அமர்வின் ஒவ்வொரு கட்டமும் அதில் உண்டு. 2011-இலும் 2020-இலும் மறுபதிப்பு கண்ட அந்நூல் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துள்ளது. தந்தை கொள்கையைக் கண்டார், மகள் பாடத்திட்டத்தைக் கண்டார் எனலாம்.

நிறுவனத்தின் பயிற்சியில் பயிலரங்குகள், நடிப்புப் பயிற்சி, மேற்பார்வை ஆகிய மூன்றும் உண்டு. மேற்பார்வைதான் கடினமானது. நோயாளியின் ஒப்புதலோடு பதிவு செய்த அமர்வை மூத்தவர் ஒருவர் முழுதாகக் கேட்டு மதிப்பெண் போடுவார். இதற்கான அளவுகோலை ஜெஃப்ரி யங்கும் ஆரன் பெக்கும் 1980-இல் உருவாக்கினார்கள். 11 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண், மொத்தம் 66; ஆய்வுகளில் 40 பெற்றால் தேர்ச்சி என்பது வழக்கம். நோயாளியைப் புரிந்துகொண்டாரா, முடிவை அவர் வாயில் திணிக்காமல் கேள்விகள் வழியே அவரே கண்டடைய விட்டாரா, நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினாரா என்பவை அந்தக் கூறுகளில் சில. ஒருவருடைய சிகிச்சையறைக்குள் இன்னொருவர் காதை நீட்டுவது பல தொழில்முறையாளர்களுக்கு இன்றும் கசக்கும். மூடிய கதவுக்குள் நடப்பதைப் பிறகு நினைவிலிருந்து சொல்லி ஆலோசனை பெறுவதே நெடுங்கால மரபு. அந்த மரபில் நல்ல சிகிச்சையாளரையும் நன்றாகக் கதை சொல்பவரையும் பிரித்தறிவது கடினம்.

1990களின் இறுதியில், சிகிச்சையாளர்களுக்குச் சான்றளிக்க அறிவாற்றல் சிகிச்சைக் கழகம் என்ற தனி அமைப்பு எழுந்தது. ஜூடித் அதன் தலைவராகவும் இருந்தார். பிற்பாடு பெக் இன்ஸ்டிடியூட் தானே சான்றிதழ்த் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. கற்றுக்கொடுப்பவரே தேர்வும் வைத்துச் சான்றும் தருவது குறித்துக் கேள்வி எழுப்ப இடமுண்டு. ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பிடும் முறை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது, முழுதாக அல்ல.

மனச்சோர்வில் தொடங்கிய சிகிச்சை பதற்றக் கோளாறுகள், ஆளுமைக் கோளாறுகள், போதைப்பழக்கம் என்று பரவியது. ஆரன் பெக் தன் கடைசி ஆண்டுகளில் கவனம் செலுத்தியது, பல காலமாக மருத்துவமனைகளில் முடங்கிக் கிடக்கும் மனச்சிதைவு நோயாளிகள் மீது. பால் கிராண்ட் முதலியோருடன் அவர் வகுத்த ‘மீட்சி நோக்கிய அறிவாற்றல் சிகிச்சை’, நோய்க்குறிகளைவிட அந்த மனிதரின் விருப்பங்களிலிருந்து தொடங்குகிறது. 60 பேரிடம் 18 மாதங்கள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. அன்றாடச் செயல்பாட்டில் முன்னேற்றம் காணப்பட்டது. இதற்கெனத் தனி மையம் நிறுவனத்துக்குள் இயங்குகிறது.

மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது ஆரன் பெக்குக்கு 2006-இல் கிடைத்தது. அவர் 2021 நவம்பர் 1 அன்று, நூறு வயதைக் கடந்து சில மாதங்களில், பிலடெல்பியாவில் காலமானார். அவர் மறைவுக்குப் பின்னும் ஜூடித் நிறுவனத்தின் பயிற்சிப் பணியைத் தொடர்ந்தார்.