‘என்றும் இலவசம்’ என்ற வாக்குறுதியின் சட்ட மதிப்பு: பிரித்தானியச் சிறுவணிகரின் நடப்புக் கணக்கை முன்வைத்து

சான்டாண்டர் வங்கியின் பிரித்தானிய நிறுவனம் 2012-இல் தன் சிறுவணிக வாடிக்கையாளர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நடப்புக் கணக்குகளைக் கட்டணக் கணக்குகளாக மாற்றப்போவதாக அறிவித்தது. மாதக் கட்டணம் 7.50 பவுண்டு. வேறு வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருந்தால் இது சாதாரணக் கட்டண உயர்வாகப் போயிருக்கும். ஆனால் இவர்கள், 2004-இல் சான்டாண்டர் வாங்கிய அபே போன்ற முன்னோடி வங்கிகளின் ‘என்றும் இலவச வங்கிச் சேவை’ என்ற அழைப்பை ஏற்றுக் கணக்குத் திறந்தவர்கள். பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சர்ச்சை கிளப்பிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது: கால எல்லையே இல்லை என்று விளம்பரத்தில் சொன்ன வங்கி, ‘விதிகளை நாங்கள் மாற்றலாம்’ என்று ஒப்பந்தப் படிவத்தில் அச்சிட்டிருந்தால், இரண்டில் எது நிற்கும்? விளம்பரத்தில் சொன்னதே நிற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இலவசம் என்று சொல்லப்பட்டது நன்கொடை அன்று. அது ஒரு பேரத்தின் விலை.

அந்த விலையை வாடிக்கையாளர் எப்படிச் செலுத்தினார் என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். கணக்கில் கிடக்கும் இருப்புக்கு வங்கி வட்டி தருவதில்லை. அந்தப் பணத்தை வைத்து அது சம்பாதிக்கிறது. 1984-இல் மிட்லண்ட் வங்கி தனிநபர் கணக்குகளுக்கு, இருப்பு இருக்கும்வரை கட்டணமில்லை என்ற முறையைக் கொண்டுவந்து மற்ற வங்கிகளையும் அவ்வழிக்கு இழுத்தபோது அடிப்படையாக இருந்தது இதே கணக்குதான். சிறுவணிக வங்கிச் சேவையை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை தந்த போட்டி ஆணையம் இதை இன்னும் வெளிப்படையாக்கியது. நான்கு பெரிய வங்கிக் குழுமங்களும் சிறுவணிகரிடம் அளவுக்கு மீறி வாங்குகின்றன என்று முடிவு செய்த ஆணையம், அவற்றுக்கு இரண்டு வழிகளைக் காட்டியது: நடப்புக் கணக்கு இருப்புக்கு, அடிப்படை விகிதத்தில் 2.5 சதவீதப் புள்ளி குறைத்தாவது வட்டி கொடு. இல்லையேல் பரிவர்த்தனைக் கட்டணத்தை நீக்கு. வட்டியும் கட்டண விலக்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று அரசின் ஆணையமே ஏற்றுக்கொண்டபின், இலவசக் கணக்கை வங்கியின் தாராள மனமாகப் பேசுவது பொருந்தாது. 2009-இல் அபே நேஷனல் உள்ளிட்ட வங்கிகளுக்கும் நியாய வணிக அலுவலகத்துக்கும் இடையிலான வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றமும், வாடிக்கையாளர் இழக்கும் வட்டியை வங்கிச் சேவைக்கான கைமாறின் ஒரு பகுதியாகவே பார்த்தது.

வங்கித் தரப்பின் வலுவான வாதமும் இங்கிருந்தே தொடங்குகிறது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் விகிதம் 2008-இல் 5 சதவீதமாக இருந்தது. 2009 மார்ச்சில் 0.5 சதவீதமாக விழுந்து ஏழாண்டுக்கும் மேல் அங்கேயே கிடந்தது. சராசரியாக 3,000 பவுண்டு இருப்பு வைக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 5 சதவீதத்தில் அந்த இருப்பு ஆண்டுக்கு 150 பவுண்டு ஈட்டும், 0.5 சதவீதத்தில் 15 பவுண்டு. கணக்கை நடத்தும் செலவு குறையவில்லை. ஆண்டுக்கு 90 பவுண்டு கட்டணம் கேட்பதில் பொருளாதாரத் தர்க்கம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தர்க்கம் ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது. விகிதம் 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்தைத் தொட்டது. அதே கடையின் இருப்பு 157.50 பவுண்டு ஈட்டும் நிலை வந்தது. விகிதம் உயர்ந்தால் கூடுதல் வருவாயைத் திருப்பித் தரும் கடமை எதுவும் வங்கியின் விதிகளில் இல்லை. ஏற்றத்தின் லாபம் தனக்கு, இறக்கத்தின் நட்டம் வாடிக்கையாளருக்கு என்று பிரித்துக்கொள்பவர், காலவரையற்ற வாக்குறுதி தந்தபோது எந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார்? மேலும், வட்டி விகித ஆபத்தைக் கணிப்பதும் தாங்குவதும் வங்கியின் தொழில். வட்டியில்லா இருப்புகளின் வருவாய் சட்டென்று ஏறி இறங்காமல் இருக்கப் பல ஆண்டு வட்டி மாற்று ஒப்பந்தங்களில் ஈடுகட்டி வைப்பது அதன் வழக்கம். அத்தகைய கருவி எதுவும் தெருமுனைக் கடைக்காரரிடம் இல்லை.

‘பிடிக்கவில்லை என்றால் வேறு வங்கிக்குப் போகலாமே’ என்பது அடுத்த பதில். 2016-இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் வெளியிட்ட இறுதி அறிக்கையின்படி, ஆண்டுக்குச் சுமார் 4 சதவீத வணிகங்களே வங்கி மாறின. சிறு, நடுத்தர நிறுவனங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் தம் முதன்மை வங்கியிடமே கடன் வாங்கின. கணக்கு மாறினால் கடன் உறவும் அறுபடுமோ என்ற அச்சம் வெறும் கற்பனை அன்று. லண்டனின் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பகுதிகளில் ஈழத்தமிழர் நடத்தும் மளிகைக் கடைகளைப் போல ரொக்கம் அதிகம் புழங்கும் வணிகங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வணிகக் கணக்கில் ரொக்கம் செலுத்துவதற்கே நூறு பவுண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் வங்கிகள் பல. அப்படிப்பட்ட கடைக்காரருக்கு, மாதக் கட்டணத்தைவிட இந்தக் கட்டணமே பெரிதாகிவிடலாம். வெளியேறும் வழி சட்டப்படி திறந்திருக்கிறது என்பதால் மட்டும் பேரம் சமமாகிவிடாது.

இனிச் சட்டம். 2009-இன் பணம் செலுத்தல் சேவை விதிகள், இரண்டு மாத முன்னறிவிப்புடன் வங்கி விதிகளை மாற்ற வழி தந்தன. ஒப்பந்தத்தில் அப்படிச் சொல்லப்பட்டிருந்தால், வாடிக்கையாளர் மறுக்காதவரை அவருடைய மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. இந்த விதிகள் மாற்றத்தின் நடைமுறையைச் சொல்லின. மாற்றமாட்டேன் என்று தனியே தந்த வாக்கு என்னவாகும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை வங்கிக்குச் சாதகமாக நிரப்புவதே பழக்கமாகிவிட்டது.

எதிர்த் தரப்பு மேற்கோள் காட்டக்கூடிய முன்னுதாரணங்களில் வலுவானது 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஸ்டாஃபோர்ட்ஷயர் தண்ணீர் வழக்கு. 1929-இல் ஒரு மருத்துவமனை தன் கிணற்று நீரை விட்டுவிட்டு, நீர்வழங்கு நிறுவனத்திடமிருந்து நாளுக்கு 5,000 காலன் இலவசமாகவும் மிகுதியை ஆயிரம் காலனுக்கு ஏழு பென்னி வீதமும் ‘இனி எக்காலமும்’ பெறுவதாக ஒப்பந்தம் செய்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தகுந்த முன்னறிவிப்புடன் அதை முடித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொன்னது. நீதிபதி டென்னிங் பிரபுவுக்கு முக்கியமாகப் பட்டது பணவீக்கம்: பணத்தின் மதிப்பு கரைந்து, பழைய விலை பொருளற்றதாகிவிட்டது.

வங்கி வழக்குக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அந்த மருத்துவமனை ஒப்பந்தம் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதியது. ‘என்றும் இலவசம்’ என்பதோ வாடிக்கையாளரை ஈர்க்க வங்கியே தனியாகத் தேர்ந்தெடுத்த சொல். அங்கே நடந்தது திரும்பிவராத மதிப்பிழப்பு; இங்கே நடந்தது ஏறி இறங்கும் விகிதத்தின் ஒரு பள்ளம். வாக்குக்கும் அறிவிப்புக்கும் இடைப்பட்ட காலமும் மிகக் குறுகியது.

இதைவிட நெருக்கமான வழக்கு 1959-இன் சிட்டி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் பிராப்பர்ட்டீஸ் எதிர் மட். கடையை வாடகைக்கு எடுத்தவர், கடையிலேயே இரவு தங்கலாம் என்ற வாய்மொழி உறுதியின் பேரில்தான் கையெழுத்திட்டார். எழுத்து ஒப்பந்தமோ வணிகத்துக்கு மட்டும் என்றது. உறுதியைத் துணை ஒப்பந்தமாக ஏற்ற நீதிமன்றம், அதற்கு மாறாக எழுதப்பட்ட விதியை உரிமையாளர் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. கையெழுத்தை வரவழைத்த வாக்கே, அந்தக் கையெழுத்தின்கீழ் அச்சான பொதுவிதியை மீறி நிற்கும் என்பது அதன் சாரம். சிறுவணிகரை வங்கிக்குள் அழைத்துவந்ததும் அப்படி ஒரு வாக்குதான்.

1977-இன் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் கைகொடுக்கக் கூடும். மற்றவரின் அச்சிட்ட வழக்கமான விதிகளுக்கு உட்பட்டு ஒப்பந்தம் செய்யும் வணிகருக்கும் அது காப்பு தருகிறது: நியாயமாக எதிர்பார்த்ததிலிருந்து கணிசமாக மாறுபட்ட ஒன்றை நிறைவேற்றிவிட்டு விதியைக் காட்டித் தப்ப முடியாது, அந்த விதி நியாயமானது என்று நிறுவினாலன்றி. 2001-இன் பாராகன் ஃபைனான்ஸ் எதிர் நாஷ் வழக்கில், கடன் தந்தவர் வட்டியை உயர்த்துவது இப்பிரிவு சொல்லும் ‘நிறைவேற்றம்’ ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது உண்மை. அங்கே மாறியது கடனாளி செலுத்த வேண்டிய தொகை. இங்கே கட்டணமின்றிச் சேவை தருவதே வங்கி ஏற்ற கடமை. அதைக் கைவிடுவது வங்கியின் நிறைவேற்றத்திலேயே ஏற்படும் மாற்றம். நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனாலும் 90 பவுண்டுக்காக எந்தக் கடைக்காரரும் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போகமாட்டார். 1999-இன் நுகர்வோர் ஒப்பந்த விதிகளும் அவற்றின் இடத்துக்கு வந்த 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டமும், தொழில் நோக்கில் ஒப்பந்தம் செய்பவரைக் காப்பதில்லை. தையற்கடை நடத்தும் ஒருவர் வீட்டுக் கணக்குக்கு நுகர்வோர். அதே கிளையில் உள்ள கடைக் கணக்குக்கு ‘வணிகம்’. வங்கியின் எதிரில் அவருடைய பேர வலு இரண்டிலும் ஒன்றுதான். நிதிக் குறைதீர் அமைப்பு 2009 முதல் மிகச்சிறு நிறுவனங்களின் புகார்களையும் 2019 ஏப்ரல் முதல் சற்றே பெரிய சிறுவணிகங்களின் புகார்களையும் ஏற்கிறது; அங்கே வழி செலவில்லாதது. ஆனால் அது புகார் தந்தவருக்கு மட்டும் தீர்வு சொல்லும். கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்த மற்றவர்களிடமிருந்து கட்டணம் பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே திருத்தம் விதியிலேயே வர வேண்டும். ஒரு கணக்கை இலவசம் என்று கால அளவு சொல்லியோ, காலவரையின்றியோ விளம்பரம் செய்த வங்கி, அந்த விளம்பரத்தின் வழி வந்த கணக்குகளுக்குப் பொதுவான மாற்றப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது. மாற்ற விரும்பினால் ஒவ்வொருவரிடமும் வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும், மௌனம் போதாது. சம்மதிக்காதவரின் கணக்கு பழைய விதிகளிலேயே தொடர வேண்டும். அதைச் சுற்றிப்போகக் கணக்கையே மூடும் வழியும் அடைக்கப்பட வேண்டும். இது வங்கிகளை இலவசக் கணக்குத் தர வற்புறுத்துவதில்லை. எச்எஸ்பிசி வங்கி 2021 நவம்பரில் தொண்டு அமைப்புகளின் கணக்குகளுக்கு மாதம் 5 பவுண்டு விதித்ததைப் போன்ற முடிவுகளையும், அத்தகைய வாக்கு தரப்படாத இடத்தில், இது தொடாது. யாருக்கு இது பொருந்தும் என்று புதிதாக வரையறுக்கவும் தேவையில்லை: பத்துக்குக் குறைந்த ஊழியர்களும் 20 லட்சம் யூரோவுக்கு மேற்படாத விற்றுவரவோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்களை 2009-இன் பணம் செலுத்தல் சேவை விதிகளே தனியாகப் பிரித்து, நுகர்வோருக்கு இணையாக வைத்திருந்தன.